கடைமடையில் பத்து விரல்கள்

நவம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரி வரை, வானம் தெளிந்த இரவுக்கு அடுத்த காலையில் நீலகிரியின் பள்ளத்தாக்குப் புல்வெளிகள் வெள்ளை விரித்துக் கிடக்கும். தலைக்குந்தாவிலும் காந்தலிலும் வெப்பமானி பூஜ்யத்தை ஒட்டி இறங்கியது என்று பத்திரிகையில் செய்தி வரும். கருகிய தேயிலைக் கொழுந்தின் படமும், உறைபனியை உள்ளங்கையில் அள்ளிக் காட்டும் சுற்றுலாப் பயணியின் படமும் உடன் வரும். அதே விடியற்காலையில் பால் கேனையோ பேப்பர் கட்டையோ பின்னால் கட்டிக்கொண்டு பைக்கில் போகிறவரின் விரல்கள் என்ன ஆகின்றன என்பது மட்டும் செய்தியாவதில்லை. போகிறவர்களும் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை. விறைத்துப்போன கையைக் கக்கத்தில் செருகி, வாயால் ஊதி, டீக்கடை வந்ததும் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்ந்துவிடுகிறார்கள். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் வேறு வழி தேடுகிறார்கள். ஊட்டி மார்க்கெட்டில் இருப்பதிலேயே தடித்த கையுறையை வாங்கிப் போட்டுக்கொண்டு, கை ஏன் இன்னும் சில்லிட்டுக் கிடக்கிறது என்று குழம்புகிறார்கள். குழப்பத்துக்குக் காரணம், கைக்குளிரைக் கையின் நோயாக நினைப்பதுதான். கை குளிர்வது பெரும்பாலும் கையின் குற்றமல்ல. மார்பிலும் கழுத்திலும் இழந்த சூட்டுக்கு விரல்கள் அபராதம் கட்டுகின்றன. ஆகவே முதலில் உடம்பைப் போர்த்த வேண்டும், அடுத்து காற்றைக் கைக்கு வருமுன்னே தடுக்க வேண்டும், கையுறை மூன்றாவதாக வர வேண்டும். கடையில் விற்கும் வரிசை இதற்கு நேர் எதிரானது.

இது சௌகரியம் சம்பந்தப்பட்ட சின்ன விஷயம், ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டால் மேட்டுப்பாளையம் வந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. மலைப்பாதையில் கை என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் அந்த வாதம் நிற்காது. பைக்கின் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கில் இருக்கிறது. இறக்கத்தில் எடை முன் சக்கரத்துக்குச் சாய்வதால் அந்தப் பங்கு இன்னும் கூடுகிறது. அந்த பிரேக் வலது கை விரல்களில் இருக்கிறது. கியரை இறக்கி எஞ்சின் பிடிமானத்தில் வண்டியை விட வேண்டும் என்றால் இடது கை கிளட்சை அளந்து பிடிக்க வேண்டும். ஸ்கூட்டரின் நிலைமை இன்னும் மோசம். அதில் காலுக்கு வேலையே இல்லை, முன்னும் பின்னும் இரண்டு பிரேக்குமே கையில். கியர் இல்லாத வண்டி என்பதால் இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பும் சொற்பம், எனவே விரல்கள் ஓயாமல் லீவரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையிலான புதிய வண்டிகளில் ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு கட்டாயமாகியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்த ஒரு பிரேக்கையும் விரல்தானே அழுத்த வேண்டும்? மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறது. விறைத்த விரல் லீவரைத் தேடி மடங்க அரை நொடி தாமதித்தால் ஐந்தரை மீட்டர் போய்விடும். குன்னூர் பாதையின் கொண்டை ஊசி வளைவில், எதிரே அரசுப் பேருந்து முழுச் சாலையையும் அடைத்துத் திரும்பிக்கொண்டிருக்கும்போது, ஐந்தரை மீட்டர் சின்ன விஷயமல்ல.

குளிர் எப்படிக் கையை முடக்குகிறது என்பதில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடலாம். குளிரில் நரம்பின் சமிக்ஞை மெதுவாகப் போகிறது என்பது உண்மை. ஆனால் மூளையிலிருந்து விரல்வரை உள்ள தூரம் ஒரு மீட்டர் அளவுதான், அதில் வரும் தாமதம் ஒரு நொடியில் நூறில் சில பங்குதான். அதனால் யாரும் பள்ளத்தில் விழுந்துவிடப் போவதில்லை. மெய்யான இழப்பு வேறு இடத்தில். விரல் தோலின் சூடு 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நுணுக்கமான வேலைத்திறன் சரியத் தொடங்குகிறது. 8 டிகிரி வாக்கில் தொடு உணர்வே மங்கிவிடுகிறது. லீவரை எவ்வளவு அழுத்தியிருக்கிறோம் என்பது கைக்குத் தெரியாமல் போகிறது. தெரியாதபோது மனிதன் ஒன்று குறைவாக அழுத்துவான், அல்லது பயந்து ஒரேயடியாக இறுக்குவான். ஈரமான பாதையில் இரண்டாவதும் ஆபத்துதான். மூட்டுகளுக்குள் உள்ள வழவழப்பு நீர் குளிரில் கெட்டிப்படுவதால் மடக்கவே கூடுதல் பலம் வேண்டியிருக்கிறது. பலரும் கவனிக்காத இன்னொன்று: விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, முன்கையில் இருக்கின்றன. விரலில் இருப்பது அவற்றின் நாண்கள். பொம்மலாட்டக்காரர் திரைக்குப் பின்னால் நின்று நூலை இழுக்கிறார், அவ்வளவுதான். கையுறை எவ்வளவு உயர்ந்ததானாலும், மெல்லிய சட்டைக் கையோடு முன்கை காற்றில் நனைந்தால் பிடி தளரும்.

காற்றைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதை நகராது. அமெரிக்காவின் பால் சைப்பிளும் சார்லஸ் பாசலும் 1941-ல் அன்டார்க்டிகாவில் ஒரு பிளாஸ்டிக் குடுவையில் நீரை நிரப்பி, பல்வேறு காற்று வேகங்களில் அது எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அளந்தார்கள். வெப்பமானி சொல்வது ஒன்று, காற்று வீசும்போது தோல் உணர்வது வேறொன்று என்பதற்கு எண்ணால் விடை சொன்ன முதல் முயற்சிகளில் அது ஒன்று. அந்தக் கணக்கைக் கனடாவும் அமெரிக்காவும் 2001-ல் மனிதர்களை வைத்துத் திருத்தி வாய்பாடாக்கின. அந்த வாய்பாட்டில் 5 டிகிரி குளிரைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் அது 1 டிகிரி போல உறைக்கும். 40 கிலோமீட்டரில் பூஜ்யத்துக்கு 1 டிகிரி கீழே. 60 கிலோமீட்டரில் 2 டிகிரி கீழே. இந்த மூன்று எண்களில் ஒரு சேதி இருக்கிறது. மெதுவாகப் போனால் கை குளிராது என்பது பரவலான நம்பிக்கை. வேகத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தும் கிடைக்கும் லாபம் வெறும் 3 டிகிரி. கெடுதலில் பாதிக்கு மேல் முதல் 20 கிலோமீட்டரிலேயே காற்று செய்து முடித்துவிடுகிறது. மலையில் நாம் 30-க்கு மேல் போவதே இல்லையே என்று ஆறுதல் கொள்ள இடமில்லை. வேகத்தைக் குறைக்க வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. குளிருக்கு அது மருந்தல்ல. காற்றை முழுதாக மறித்தால்தான் பலன்.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் உண்டு. அந்த வாய்பாடு திறந்த முகத்துக்கானது, உறை போட்ட கைக்கு அல்ல. மேலும் காற்று எவ்வளவு வேகமாக அடித்தாலும் ஒரு பொருளைச் சுற்றுப்புற வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்க முடியாது. காற்று 3 டிகிரியில் இருந்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் விரலில் உள்ள நீர் உறைந்துவிடாது. இரண்டும் சரி. லடாக்கில் போல விரல் உறைந்து கருகும் பயம் நீலகிரியில் அநேகமாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நம் எல்லைக்கோடு பூஜ்யம் அல்ல, 15 டிகிரி. அங்கே விரல் போய்ச் சேர, உறைபனி எதுவும் தேவையில்லை. டிசம்பர் மாத ஊட்டியின் சாதாரண ஒரு காலையும், வெறுங்கையும், கால் மணி நேரமும் போதும்.

இனி உடம்புக்குள் நடப்பது. உடம்புக்குத் தன் நடுப்பகுதியை, அதாவது இதயம், நுரையீரல், ஈரல், மூளை இருக்கும் இடங்களை, 37 டிகிரியில் வைத்திருப்பதுதான் உயிர்ப் பிரச்சினை. விரல் அதற்கு இரண்டாம்பட்சம். விரல்நுனிகளிலும் நகத்தடியிலும் தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் நேராகப் பாயும் குறுக்கு வழிகள் ஏராளம். அவை சூட்டை வெளியேற்றவும் சேமிக்கவும் உடம்பு வைத்திருக்கும் மதகுகள். வெயிலில் திறந்துவிடும், குளிரில் அடைத்துவிடும். முழுதாகத் திறந்த நிலைக்கும் முழுதாக மூடிய நிலைக்கும் இடையே விரலின் ரத்த ஓட்டம் பல பத்து மடங்கு மாறும். விரலில் சூடு உண்டாக்கும் தசை பெரிதாகக் கிடையாது, வருகிற ரத்தத்தின் சூடுதான் அதன் சொத்து. காவிரியின் கடைமடை விவசாயிக்கு இது சொல்லாமலே விளங்கும். அணையில் நீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதான். அப்போது கடைமடை வாய்க்காலின் கரையை உயர்த்திப் பயனில்லை, மேலே மதகு திறக்க வேண்டும். தடித்த கையுறை என்பது நீரில்லாத வாய்க்காலுக்கு உயர்த்திய கரை. உறை சூட்டைக் காக்கும், சூட்டை உண்டாக்காது. ரத்தம் வந்து சேராத விரலைச் சுற்றி எத்தனை பஞ்சு வைத்தாலும் கொஞ்சம் தாமதமாகக் குளிரும், அவ்வளவுதான்.

இது வெறும் உவமை என்று தள்ளிவிட முடியாதபடி ஆதாரம் உண்டு. கனடாவின் ராணுவ ஆய்வாளர்கள் −25 டிகிரி குளிர் அறையில் ஆட்களை உட்காரவைத்து, மார்பையும் முதுகையும் மின்சார அங்கியால் சூடாக்கிப் பார்த்தார்கள். கையில் உறையே இல்லாமலும் விரல்கள் மணிக்கணக்கில் வேலை செய்யும் சூட்டில் இருந்தன. நடுவுடம்பில் சூடு மிச்சமாகும்போது மதகு தானே திறக்கிறது, கடைமடைக்கு நீர் பாய்கிறது. அங்கே காற்று வீசவில்லை, அவர்கள் பைக் ஓட்டவில்லை என்று சொல்லலாம். சரிதான். அதனால்தான் காற்றுத்தடுப்பை இரண்டாவதாக வைக்கிறேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஊட்டியைவிட 25 டிகிரி கூடுதல் குளிரில் நடந்த சோதனை அது என்பதை மறக்கக்கூடாது. மின்சார அங்கிக்கு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. போக வேண்டாம். பிரான்சின் மலைகளில் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், உச்சியைத் தொட்ட வீரர்கள் இறக்கத்தைத் தொடங்குமுன் வேடிக்கை பார்க்க நிற்பவர்களிடமிருந்து செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் மார்பில் செருகிக்கொள்வது நீண்டகால வழக்கம். காகிதம் காற்றை மறிக்கிறது, மடிப்புகளுக்கிடையே அசையாத காற்றைச் சிறைப்பிடிக்கிறது. நம் ஊரிலும் பழைய பைக்காரர்கள் இதை அறிவார்கள். நான்கு தாள், அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் காற்றுப் புகாத ஜெர்கின் அல்லது ரெயின்கோட், கழுத்தைச் சுற்றி மஃப்ளர். இந்த வரிசை கையுறை வாங்குமுன்னே கைக்குச் செய்யும் வைத்தியம். ஸ்வெட்டரை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்புவது பயனற்றது. பின்னல் கம்பளி நின்ற இடத்தில் அருமையானது, ஓடும் காற்றுக்கு அது சல்லடை. மேலே மலிவான ரெயின்கோட் ஒன்று போதும், அதே ஸ்வெட்டர் இருமடங்கு வேலை செய்யும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அங்கிருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம் ஏற வேண்டும். உயரத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற பொதுக் கணக்கில், ஐம்பது கிலோமீட்டர் பயணத்தில் 12 டிகிரி குறைகிறது. கீழேயே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கிளம்பினால் கல்லாறு வரும்போது முதுகு வியர்த்திருக்கும், குன்னூரில் அந்த வியர்வை ஆவியாகத் தொடங்கும். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும், ஆவியாகும்போது தனியாகவும் சூட்டைத் திருடும். உள்ளே நனைந்த பனியன் மேலே எத்தனை ஜெர்கின் இருந்தாலும் தோற்கடித்துவிடும். ஆகவே கீழே குறைவாகப் போட்டுக் கிளம்பி, பர்லியாறில் நிறுத்தி மீதியைப் போட்டுக்கொள்வதுதான் முறை. உடம்பு குளிர ஆரம்பித்த பிறகு போட்டுக்கொள்வதற்கும் குளிருமுன் போட்டுக்கொள்வதற்கும் வித்தியாசம் உண்டு. மூடிய மதகைத் திறக்க உடம்புக்கு நேரம் பிடிக்கும்.

கையுறைக்கு வருவோம். அதைப் பழித்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம், விழுந்தால் உள்ளங்கைத் தோலைக் காப்பதும் அதுதான். குளிருக்காக அதன் தடிமனை நம்புவதில்தான் சிக்கல். விரல் ஒல்லியான உருளை. அதன் மேல் பஞ்சை ஏற்ற ஏற்றச் சுற்றளவும் கூடுகிறது, சூடு வெளியேறும் பரப்பும் கூடுகிறது. எனவே ஒவ்வொரு அடுக்கும் முந்தைய அடுக்கைவிடக் குறைவாகவே உதவுகிறது. விரல்களைத் தனித்தனியாகப் பிரிக்காத பை போன்ற உறை ஏன் அதிகம் சூடாக இருக்கிறது என்பதும் இதனால்தான். உள்ளங்கைப் பக்கம் இன்னொரு கதை. கிரிப்பை இறுகப் பிடிக்கும்போது பஞ்சு நசுங்கி, அதற்குள் இருந்த காற்று போய்விடுகிறது. பஞ்சின் பலமே அந்தக் காற்றுதான். விரல்கள் எந்நேரமும் தொட்டுக்கொண்டிருக்கும் லீவரோ உலோகம், சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சைக்கிள் கடையில் கிடைக்கும் ரப்பர் குழாயை லீவர் மேல் செருகினால் இதில் பாதி தீரும். அது அகலாமல் இறுகி நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். தடித்த உறை பிடியைக் குறைக்கிறது என்பதால் ஓட்டுகிறவர் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார். இறுக்கிப் பிடித்தால் ரத்த ஓட்டம் மேலும் குறைகிறது. சிறிய அளவு உறையை இழுத்து மாட்டிக்கொண்டாலும் இதே விளைவுதான். இறுக்கமான கடிகாரப் பட்டையையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

அப்படியென்றால் நல்ல கையுறை எது? உள்ளே விரல் கொஞ்சம் அசைய இடமிருப்பது, வெளியே காற்றும் நீரும் புகாதது, மணிக்கட்டைத் தாண்டி ஜெர்கின் கையின் மேல் ஏறி மூடுவது. மணிக்கட்டில் நாடித் தமனி தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. உறைக்கும் சட்டைக்கும் நடுவே இரண்டு விரல்கடை இடைவெளி விட்டால், அங்கே நுழையும் காற்று கைக்குப் போகும் ரத்தத்தை வழியிலேயே குளிர்வித்துவிடும், முழங்கை வரை ஏறி முன்கைத் தசையையும் விறைக்கவைக்கும். மார்க்கெட்டில் விற்கும் பின்னல் கம்பளி உறைதான் கையில் இருக்கிறது என்றால், அதற்கடியில் மெல்லிய ரப்பர் உறையைப் போட்டுக்கொள்ளலாம். பிளாஸ்டிக் கவரைக் கம்பளிக்கு மேலே கட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. செய்யக்கூடாது, கிரிப்பில் வழுக்கும். உள்ளே ரப்பர் போட்டால் கை வியர்க்காதா என்றால், வியர்க்கும். ஒரு மணி நேரப் பயணத்துக்கு அந்த ஈரம் தோலோடு அடைபட்டு நிற்பதால் ஆவியாகிக் குளிர்விக்காது. நாள் முழுதும் போடுவதற்கான ஏற்பாடு அல்ல அது.

இவ்வளவு தொந்தரவையும் ஒரே அடியில் குறைக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் அது கண்ணில் படுவது அபூர்வம். பஞ்சாபிலும் டெல்லியிலும் காஷ்மீரிலும் டிசம்பர் பிறந்தால் சாலையோரக் கடைகளில் தொங்கும்: வெளியே ரெக்சின், உள்ளே பஞ்சோ ரோமத் துணியோ வைத்துத் தைத்து, ஹேண்டில்பாரின் இரு முனையிலும் மாட்டிக்கொள்ளும் பை. கிரிப், லீவர், ஸ்விட்ச் எல்லாம் பைக்குள் இருக்கும், கையை அதற்குள் நுழைத்து ஓட்ட வேண்டும். ஜப்பானில் காலைப் பத்திரிகை போடுகிறவர்களின் வண்டிகளில் பார்க்கலாம். பாரிஸின் ஸ்கூட்டர்களில் பார்க்கலாம். சீனாவிலோ கையும் காலும் மார்பும் சேர்ந்து மறையும்படி ஒரு மெத்தையையே வண்டியின் முன்புறம் கட்டிவிடுகிறார்கள். உறை கையின் மேல் இருப்பதற்கும் பை வண்டியின் மேல் இருப்பதற்கும் பெரிய வேறுபாடு. பைக்குள் கை நசுக்கும் பஞ்சு இல்லை, காற்று அசைவதில்லை, லீவரும் கிரிப்பும்கூடக் காற்றிலிருந்து தப்பிக்கின்றன. உள்ளே மெல்லிய உறை போட்டால் போதும் என்பதால் விரலின் உணர்வும் கெடுவதில்லை. சூடும் உணர்வும் ஒன்றுக்கொன்று பகை என்பது கையுறையின் விதி. அந்த விதியை இந்த மலிவான பை உடைக்கிறது.

இதன் மேல் சொல்லப்படும் குறைகள் வெறும் சாக்குகள் அல்ல. விழும்போது கை மாட்டிக்கொள்ளாதா? வாய் அகலமாக உள்ள மென்மையான பையில் கை நழுவி வெளியே வந்துவிடும். மணிக்கட்டில் எலாஸ்டிக் இறுக்கிய வகையை வாங்கக்கூடாது. ஸ்விட்ச் தெரியாதே என்றால், இரவில் மட்டும் தெரிகிறதா என்ன? கட்டைவிரல் ஒரு நாளில் வழி கற்றுக்கொள்ளும், அந்த ஒரு நாளை வண்டி நடமாட்டம் இல்லாத தெருவில் கழிக்க வேண்டும். மூன்றாவது குறைதான் உண்மையில் கவனிக்க வேண்டியது. தொளதொளப்பான பை காற்றில் பின்னால் தள்ளப்பட்டு லீவரையே லேசாக அழுத்தக்கூடும். பிரேக் விளக்கு எரிந்துகொண்டே வரும், பிரேக் உரசிக்கொண்டே வரும், பின்னால் வருகிறவருக்கு நாம் எப்போது நிறுத்துகிறோம் என்று தெரியாது. முன்பக்கம் விறைப்பாக உள்ளதை வாங்குவது, அல்லது உள்ளே தகடு வைத்துத் தைப்பது இதற்குத் தீர்வு. மாட்டிய பிறகு ஹேண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும், ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டால் தானாகத் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டு சோதனைகளைச் செய்யாமல் மலையிறங்குவது மடத்தனம். மிச்சம் இருப்பது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்ற குறை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அசிங்கமாகத்தான் இருக்கிறது.

மின்சாரத்தால் சூடாகும் கிரிப்புகள் இப்போது இங்கேயும் கிடைக்கின்றன. நல்ல பொருள், ஆனால் தனியாக நின்று போரை வெல்லாது. உள்ளங்கை கொதிக்கும், காற்று அடிக்கும் புறங்கை குளிர்ந்தே இருக்கும். இரண்டு கிரிப்பும் சேர்ந்து முழுச் சூட்டில் முப்பது நாற்பது வாட் இழுக்கும். பெரிய பைக்குகள் தாங்கும். சின்ன வண்டியில் இறக்கத்தில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, முகப்பு விளக்கும் எரிந்தால், பேட்டரிதான் கடன் கொடுக்க வேண்டியிருக்கும். ரெக்சின் பைக்குள் இந்தக் கிரிப் இருந்தால் குறைந்த சூடே போதும் என்பதால், வாங்குகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே நினைப்பது நல்லது.

நாட்டு வைத்தியங்களில் சில பாதி உண்மை, சில முழு ஆபத்து. டீ பாதி உண்மை. 60 டிகிரியில் 100 மில்லி டீ, உடம்புக்குக் கொடுக்கும் சூடு, சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு ஒன்றரை நிமிடத்தில் தானே உண்டாக்கும் சூடுதான். டம்ளரைப் பிடித்திருக்கும் விரலுக்குக் கிடைப்பதும், வண்டியை விட்டு இறங்கிக் காற்றில்லாத இடத்தில் நான்கு நடை நடப்பதுமே அந்த டீயின் பெரும் பலன். அதோடு ஒரு சிகரெட் பற்றவைத்தால் நிக்கோட்டின் ரத்தநாளங்களைச் சுருக்கி அந்தப் பலனையும் எடுத்துவிடும். மது குளிருக்கு நல்லது என்பது பழைய பொய். அது தோலின் மதகுகளைத் திறந்து நடுவுடம்பின் சூட்டை வெளியே கொட்டவைக்கிறது. முகம் சூடாக இருப்பதுபோல் தோன்றும், உடம்பு குளிர்ந்துகொண்டிருக்கும். குடித்துவிட்டு அந்தப் பாதையில் இறங்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சைலன்சரிலும் எஞ்சினிலும் கையை ஒட்டவைப்பது எல்லாவற்றிலும் கெட்டது. மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகே தெரியும். கக்கத்தில் வைப்பது, தொடைகளுக்கு நடுவே வைப்பது, கையைத் தோளிலிருந்து காற்றாடிபோல் வேகமாகச் சுழற்றி ரத்தத்தை விரல்நுனிக்கு விரட்டுவது, இவைதான் பழுதில்லாத வழிகள்.

கொஞ்ச நேரம் பொறுத்தால் கை தானாகவே பழகிவிடும் என்பது இன்னொரு வாதம், அதற்கு ஓர் அறிவியல் நிழலும் இருக்கிறது. லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1930-ல், பனிநீரில் வைத்த விரலின் நாளங்கள் ஐந்து பத்து நிமிடத்தில் மறுபடி திறந்து விரல் கொஞ்சம் சூடேறுவதை, பின்பு மூடுவதை, மறுபடி திறப்பதைக் கண்டு பதிவு செய்தார். கனடாவின் காஸ்பே கரை மீனவர்களின் கைகள் குளிர்நீரில் மற்றவர்கள் கையைவிடச் சூடாக இருப்பதும் 1960 வாக்கிலேயே அளந்து பார்க்கப்பட்டது. ஆகவே ஊட்டியில் பிறந்து வளர்ந்தவரின் கை கோயம்புத்தூர்க்காரரின் கையைவிடத் தாங்கும் என்பது நம்பக்கூடியதே. ஆனால் லூயிஸ் கண்ட அந்தத் திறப்பு, நடுவுடம்பு சூடாக இருப்பவர்களிடம்தான் நன்றாக நடக்கிறது. உடம்பே குளிர்ந்தவரிடம் அது மங்கிப்போகிறது. பழக்கம் கைகொடுக்க வேண்டுமென்றாலும் மார்பு போர்த்தியிருக்க வேண்டும் என்றுதானே இதற்குப் பொருள்?

பழக்கத்தை நம்பவே கூடாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். குளிர் பட்டதும் விரல் வெளுத்து, பிறகு நீலம் பாரித்து, சூடேறும்போது சிவந்து வலிக்கிறதென்றால் அது பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ 1862-ல் விவரித்த கோளாறாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதிரும் கருவிகளை ஆண்டுக்கணக்கில் பிடித்து வேலை செய்பவர்களுக்கும் இதே வெளுப்பு வரும். அமெரிக்காவின் இண்டியானா கல்லுடைப்புத் தொழிலாளர்களிடம் ஆலிஸ் ஹாமில்டன் 1918-ல் இதை ஆராய்ந்தார், குளிர்காலக் காலைகளில்தான் தொல்லை அதிகம் என்பதையும் கண்டார். ரத்த அழுத்தத்துக்காக பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கை கால் சில்லிடுவது தெரிந்த பக்கவிளைவு. மாத்திரையை நிறுத்த வேண்டாம், கையை மூடுங்கள். நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்து வேறு விதம்: கை மரத்துப்போனதே அவர்களுக்குத் தெரியாமல் போகலாம்.

இதெல்லாம் வசதி உள்ளவர்களுக்கான பேச்சு, காலை ஒன்பது மணிக்கு வெயில் வந்த பிறகு கிளம்பினால் தீர்ந்தது என்று சொல்லலாம். சுற்றுலா வருகிறவர் தாராளமாக அப்படிச் செய்யலாம், செய்யவும் வேண்டும். இரவு முழுதும் சூட்டை இழந்த தரை மிகக் குளிர்ந்திருப்பது சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டித்தான். ஆனால் பால் ஒன்பது மணிக்குப் போகாது, பேப்பரும் போகாது, ஆறு மணி ஷிப்டுக்குப் போகும் நர்ஸும் காத்திருக்க முடியாது. பிரான்ஸ் 2016 நவம்பரிலிருந்து இருசக்கர வண்டி ஓட்டுபவருக்குக் கையுறையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நம் மோட்டார் வாகனச் சட்டம் தலைக்கவசத்தோடு நின்றுவிட்டது. இங்கே இன்னொரு அபராதம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விடியலில் ஆளை வண்டியில் அனுப்பிச் சம்பாதிக்கிறவர்கள், அந்த வண்டிக்கு ஒரு ரெக்சின் பையும் அந்த ஆளுக்கு ஒரு ரெயின்கோட்டும் வாங்கித் தரலாம் என்றுதான் கேட்கிறேன். மெக்கானிக் கடையில் ஒரு தடவை வண்டியை விட்டு எடுக்கும் செலவைக்கூட அது தாண்டாது.

ஓட்டுகிறவர்களுக்கு மலையேறிகள் பயன்படுத்தும் ஒரு சோதனையைச் சொல்லலாம், காசில்லாதது. ஊட்டியிலோ கோத்தகிரியிலோ இறக்கம் தொடங்குமுன் உறையைக் கழற்றி, கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு கையிலும் செய்யுங்கள். தொட முடியவில்லை என்றால், கை சூடேறித் தொடும்வரை சாவியைத் திருப்ப வேண்டாம்.